எங்கள் வீட்டு மைனர்

மைனர் என்ற சொல் காதில் விழுந்ததும், பட்டுச் சட்டையும் தங்கச் சங்கிலியுமாக ஊர்ச்சந்தியில் உலாவும் வாலிபன் ஒருவனே வாசகரின் மனக்கண்முன் தோன்றுவான். அந்த மைனரைப் பற்றி எழுத எனக்கு அனுபவம் போதாது. நான் இங்கே எடுத்துக்கொண்ட மைனருக்கு நான்கு சில்லுகளும், பெட்டி போன்ற தகரக் கூடும், பின்புறத்தில் இரட்டைக் கதவுகளும் உண்டு. 1961ஆம் ஆண்டில் என் தந்தையார் வாங்கிய மொறிஸ் மைனர் கால்தொன் வான் அது. கால்தொன் என்பது அது சுமக்கக் கூடிய பாரத்தின் கணக்கு. நம்மவர் வழக்கில் 5 அந்தர்.

சுன்னாகத்தில் எங்களுக்கு ஒரு பேக்கரி இருந்தது. நள்ளிரவில் மாப் பிசைந்து, விடியுமுன் போறணையில் வெந்தெடுத்த அச்சுப் பாணும் றோஸ் பாணும் பணிசும் காலை ஐந்து மணிக்கு அந்த வானில் ஏறும். மல்லாகம், அளவெட்டி, சண்டிலிப்பாய், சங்கானை என்று ஊரூராகச் சென்று, ஏழரை மணிக்கெல்லாம் வெறுங்கூடாகத் திரும்பிவிடும். பள்ளி விடுமுறை நாட்களில் தந்தையாரின் பக்கத்து ஆசனம் எனக்கே உரியது. முன்னால் பனியும் புகையிலைத் தோட்டத்து மண்வாசனையும். பின்னால் சுடுபாணின் மணம். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த சிறுவனுக்கு உலகத்தில் வேறொரு குறையும் இருக்கவில்லை.

அந்த வான், தந்தையார் 1998இல் காலமான பின்னர், பின்வளவில் மாட்டுக் கொட்டிலுக்கு அருகே பதினெட்டு ஆண்டுகள் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. கூட்டின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்தது. பழைய இரும்பு வாங்க வருபவர்கள் மாதம் ஒருமுறை படலையைத் தட்டி, விலை பேசிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்த பின், 2016இல், அதை மீண்டும் ஓடச் செய்வது என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் எவ்வளவு பிடிவாதமும் எவ்வளவு அறியாமையும் கலந்திருந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இந்த வாகனத்தின் பூர்வீகத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். ஒக்ஸ்போர்ட் நகரில் சைக்கிள் திருத்தும் கடையொன்றில் தொடங்கிப் பெருஞ் செல்வந்தரானவர் வில்லியம் மொறிஸ். பின்னாளில் நபீல்ட் பிரபு. அவருடைய தொழிற்சாலையில் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வரைந்த சிறிய கார்தான் மொறிஸ் மைனர். இசிகோனிஸ் துருக்கியிலுள்ள ஸ்மேர்ணாவிலே பிறந்தவர். காரின் உருவம் கண்ணுக்கு ஒடுங்கித் தோன்றியதால், மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக வெட்டி, நடுவில் நான்கு அங்குலம் சேர்த்து அகலமாக்கினார் என்பது பிரசித்தமான செய்தி. மூடியின் நடுவே ஓடும் தட்டையான வரம்பு அந்தச் சத்திரசிகிச்சையின் தழும்புதான். நபீல்ட் பிரபுவுக்கு இந்த உருவம் சற்றும் பிடிக்கவில்லை. கொதிநீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டைபோல இருக்கிறதென்று முகஞ் சுளித்தாராம். 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த அந்த முட்டை, பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் காராயிற்று.

வான் வடிவம் 1953இல் வெளிவந்தது. காரில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே அமைந்தவை; வானிலோ பாரந் தாங்குவதற்காகத் தனியான இரும்புச் சட்டம் கீழே உண்டு. எங்கள் மைனர் பிழைத்ததற்கு அந்தச் சட்டமே காரணம். பிரித்தானியத் தபால் திணைக்களமும் இவ்வான்களை ஆயிரக்கணக்கில் வாங்கியது. தொடக்க காலத்துத் தபால் வான்களுக்கு முன்பக்கச் சேறுகாப்புகள் றப்பரினால் செய்யப்பட்டிருந்தன என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஒழுங்கைகளின் கதியால்களுக்கும் அதுவே பொருத்தமாக இருந்திருக்கும்.

இலங்கையில் 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மோட்டார் வாகன இறக்குமதி இறுகிப்போனது. இருந்த வண்டியை வைத்துக் காப்பாற்றுவதே வழி என்ற நிலை ஏற்பட்டது. 1977க்குப் பின் தெற்கிலே யப்பானிய வாகனங்கள் பெருகியபோதும், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிஸும் தம் ஆட்சியை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு யுத்தம் வந்து, அவற்றை வேறு எதனாலும் பெயர்க்க முடியாதபடி செய்துவிட்டது.

1990க்குப் பிந்திய அந்த ஐந்து ஆண்டுகளை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பெற்றோலும் பற்றரியும் வடக்கே வரத் தடை இருந்தது. எங்கள் மைனர் மண்ணெண்ணெயில் ஓடிற்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த என்ஜினில் தீப்பற்றாது. ஆகவே சிறு போத்தலில் பொன்போலக் காத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு, முன்னாலுள்ள துவாரத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். தளர்ந்துபோன பற்றரிக்குத் தீப்பொறி கொடுக்கவே வலு இருந்தது. என்ஜினைச் சுழற்றும் வலு மனிதனுடையது. என்ஜின் சூடேறிய பின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார்கள். இந்த என்ஜினில் எரிபொருள் உட்செல்லும் குழாய், புகை வெளிவரும் குழாயோடு ஒட்டி அமைந்திருப்பதால் அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் ஓரளவு ஆவியாகும். அமுக்கமும் அக்கால முறைப்படி குறைவு. புதிய யப்பானிய என்ஜின்கள் இருமி நின்ற இடத்தில் இந்தக் கிழட்டு என்ஜின் கரும்புகை கக்கிக்கொண்டு ஓடியதன் மர்மம் இதுதான். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கசிந்து கீழே இறங்கி, மசகெண்ணெயை நீர்போல ஆக்கிவிடும். என்ஜினின் உள்ளுறுப்புகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். அன்று அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கோதுமை மாக் கிடைத்த நாளில் பாண் போக வேண்டும். கிடைக்காத நாளில் நோயாளி போக வேண்டும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது எங்கள் மைனரும் நடந்தது. நடந்தது என்றே சொல்ல வேண்டும். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அந்த மனித வெள்ளத்தில், கொட்டும் மழையில், மனிதரின் நடையைவிட மெதுவாகவே அது ஊர்ந்தது. பாண் தட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒன்பது முதியவர்களையும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியையும் உள்ளே ஏற்றியிருந்தோம். 5 அந்தர்க் கணக்கை அன்றிரவு யாரும் பார்க்கவில்லை. ரேடியேற்றர் கொதிக்கும்போதெல்லாம் வீதியோர வெள்ளத்தைச் சட்டியில் அள்ளி ஊற்றினேன். பெருவிரலை மடக்கி வைத்துக் கைப்பிடி சுழற்ற வேண்டும், இல்லாவிடில் திருப்பி அடித்து விரலை முறித்துவிடும் என்று சொல்லிச் சொல்லிச் சுழற்றியவர் எங்கள் மெக்கானிக் அண்ணை. சாவகச்சேரிக்கு மறுநாள் நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் திரும்பி வந்தோம். அதன் பிறகு அது அதிகம் ஓடவில்லை.

இத்தனையும் மனதில் இருந்ததால்தான், திருத்த வேலையைத் தொடங்கிய அன்றே ஒரு விரதம் பூண்டேன். வண்டியில் ஓர் ஆணியும் மாறக் கூடாது; தந்தையார் ஓட்டிய மைனர் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். மெக்கானிக் அண்ணைக்கு அப்போது எழுபத்தைந்து வயது, கண் மங்கியிருந்தது. கராஜை நடத்தியவர் அவருடைய மகன். வகுப்பில் என்னிடம் படித்தவர். "சேர், பிறேக்கை மட்டுமாவது மாத்துவம்," என்றார் அவர். நான் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். பழைமை என்றும், நினைவு என்றும், பண்பாடு என்றும் அதில் பல பெரிய சொற்கள் இருந்தன. மாணவன் ஆசிரியரை மறுத்துப் பேசாத ஊர் இது. அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

தகட்டு வேலை ஆறு மாதம் பிடித்தது. மைனரின் உதிரிப்பாகங்களைத் தேடுவது நான் அஞ்சிய அளவுக்குச் சிரமமாக இருக்கவில்லை. 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்பதை அப்போதுதான் அறிந்தேன். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்ற கெட்டிக்காரர்கள்! அடித்தகட்டைப் புதிதாக ஒட்டி, சட்டத்தைச் சுரண்டி, துருவெதிர்ப்பு மை பூசி, தந்தையார் விரும்பிய அதே வெளிர்பச்சை நிறத்தைத் தீட்டினோம். முன் சில்லுகள் திரும்பும் மூட்டுகள் மைனருக்கு ஒரு மர்மஸ்தானம். கிறீஸ் பூசத் தவறினால் புரி தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து படுத்துவிடும். அண்ணை கண் தெரியாமலே விரலால் தடவி, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார். மாற்றினோம்; அதே வகையைத்தான். பிறேக்கையும் பழைய முறைப்படியே செப்பனிட்டோம். என்ஜினைத் திறந்து பார்த்தபோது, சுழல்தண்டு ஏற்கனவே கடைசி அளவுவரை கடைந்து தேய்க்கப்பட்டிருந்தது. அமுக்கம் இல்லை. "இது ஓடும் தம்பி. எவ்வளவு தூரம் எண்டு கேளாதை," என்றார் அண்ணை. நானும் கேட்கவில்லை.

2017 தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, ஆறு வயதுப் பேத்தியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு புறப்பட்டேன். ஊரார் மதில்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார். எனக்கிருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

யுத்தத்தினால் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைவரையும் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. கால் நூற்றாண்டு காலம் தண்டவாளமே இல்லாத பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்து பழகியவர்கள் நாங்கள். காவலாளி இல்லாத கடவையொன்றை நெருங்கும்போது ரயிலின் ஊதல் கேட்டது. பிறேக்கை மிதித்தேன். மிதிபலகை ஒரு தடையுமின்றித் தளத்தைத் தொட்டது. மீண்டும் மிதித்தேன், காற்றை மிதிப்பது போலிருந்தது. கைபிறேக்கை இழுத்தேன். வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. முதலாவது கியர் பழைய மைனரில் ஓட்டத்திலே விழாது. இரண்டாவதைப் பல்லை நறநறவென்று அரைத்துப் போட்டேன். பிறகு என்ன செய்தேன் என்று எனக்குத் தெளிவாக ஞாபகமில்லை. இடப்பக்கம் இருந்த பூவரசங் கதியால் வேலிக்குள் வண்டி புகுந்து நின்றது. பத்து யார் தூரத்தில் ரயில் கடந்து சென்றது. வேலியின் கிடுகுகள் அந்தக் காற்றில் ஆடின.

பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மப்பா, ஏன் வேலிக்குள்ளை விட்டனீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு அது விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்ரியறிங்கிலிருந்து கையை எடுக்கவும் முடியவில்லை.

பின்சில்லு ஒன்றிலுள்ள றப்பர் வளையம் பிளந்து, பிறேக் எண்ணெய் முழுவதும் ஒழுகியிருந்தது. புதிதாகப் போட்ட வளையம்தான். ஆனால் குற்றம் வளையத்தில் மாத்திரம் இல்லை என்பதை அன்று மாலை அண்ணை எனக்குத் தரையில் குச்சியால் கோடு கீறி விளக்கினார். மைனரின் பிறேக்கில் எண்ணெய் ஒரே வழியாகவே நான்கு சில்லுகளுக்கும் செல்கிறது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயிற்று. பிற்கால வாகனங்களில் அந்த வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று போனாலும் மற்றது காக்கும். நாற்பது ஆண்டுகளாக எங்கள் வண்டியைக் காப்பாற்றிய அந்த மனிதர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. "கொப்பர் இருந்திருந்தால் முதல் நாளே மாத்தியிருப்பார். அவர் பாண் விக்கிறதுக்குத்தானே வான் வாங்கினவர், கும்பிடுறதுக்கோ?" என்றார். என் சொற்பொழிவின் பெரிய சொற்களெல்லாம் எங்கே போயினவென்று தெரியவில்லை.

அதன் பிறகு மகனின் கை ஓங்கிற்று. முன்சில்லுகளுக்குப் பழைய யப்பானியக் காரொன்றின் டிஸ்க் பிறேக்கைப் பொருத்தினார்; அதற்கான தாங்குதகட்டைக் கடைசல் பட்டறையில் தாமே நின்று செய்வித்தார். மூடிய உருளைக்குள் உராயும் பழைய பிறேக், சூடேறினால் பிடிப்பை இழக்கும். திறந்த தட்டு காற்றில் ஆறிக்கொண்டே இருக்கும். சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே சேறு குளித்துக்கொண்டிருந்த பழைய எண்ணெய்ச் சிலிண்டரை நீக்கி, இருவழிச் சிலிண்டரொன்றை என்ஜின் மூடியின் கீழே, கண்ணில் படும்படி அமைத்தார். டைனமோ போய் ஓல்டனேற்றர் வந்தது. ஆசனப் பட்டிகள் வந்தன. பேத்தியின் பட்டியை முதலில் பூட்டச் சொன்னேன்.

கடைசியாக என்ஜின். உடல் உக்கிப்போன நிசான் சனிக் கார் ஒன்றிலிருந்து 1171 கன சென்ரிமீற்றர் என்ஜினையும் கியர்ப்பெட்டியையும் வாங்கி வந்திருந்தார். இங்கேதான் என் மனம் மீண்டும் முரண்டு பிடித்தது. இருதயத்தையே எடுத்த பின் மைனரில் மிஞ்சுவது என்ன? அந்த வாரம் முழுவதும் நித்திரையின்றிப் பழைய மோட்டார்ப் புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டியதில் கிடைத்தது ஒரு வம்சவரலாறு.

1948இல் பிறந்த மொறிஸ் மைனருக்கு மொறிஸ் கம்பனியின் சொந்த என்ஜினே இருந்தது. 918 கன சென்ரிமீற்றர், பழைய பாணி. 1952இல் மொறிஸும் அதன் பரம வைரியான ஒஸ்ரினும் ஒரே நிறுவனமாக இணைந்தபோது, மைனரின் சொந்த என்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு ஒஸ்ரினின் என்ஜினை வைத்தார்கள். முதலில் 803, பின் 1956இல் 948. நான் தந்தையாரின் இருதயம் என்று போற்றியது உண்மையில் மாற்றான் வீட்டு இருதயம்! அதே 1952இல் ஒஸ்ரின் கம்பனி, யப்பானின் நிசானோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. நிசான் தொழிலாளர் ஒஸ்ரின் A40 கார்களையும், பின்னர் A50 கார்களையும் பூட்டிப் பூட்டித் தொழில் கற்றார்கள். ஒப்பந்தம் முடிவதற்குள் அக்கார்களின் உறுப்புகளையெல்லாம் தாமே செய்யத் தேர்ந்துவிட்டார்கள். 1966இல் அவர்கள் சனிக் காருக்கென ஆக்கிய என்ஜினில் அந்தப் பழைய குருகுலத்தின் சாயலைப் பார்ப்பவர் பலர். அதன் வழிவந்ததே எங்கள் கராஜ் வாசலில் கிடந்த 1171. தலைப்பகுதி அலுமினியம், ஒஸ்ரினில் சுழல்தண்டைத் தாங்குவன மூன்று, இதில் ஐந்து. சீடப்பிள்ளை குருவின் வீட்டுக்குள் குடிவருவதற்கு நான் யார் தடை சொல்ல? இதை நான் சொன்னபோது என் மாணவர், "சேர், இதெல்லாம் எனக்குத் தெரியாது. போல்ற் துவாரம் கிட்டத்தட்டச் சரியா வருது, அவ்வளவுதான்," என்றார்.

தாங்கிகளை மாற்றி ஒட்டியும், பின்னச்சுக்குச் செல்லும் தண்டை வெட்டிக் குறுக்கியும், ரேடியேற்றரைப் பெருப்பித்தும் இரண்டு மாதத்தில் வேலை முடிந்தது. பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கத்தை மாற்றுவிப்பதற்கு அதைவிடக் கூடிய காலம் எடுத்தது. அந்தக் கதையை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

இப்போது என் மருமகன் பேக்கரியை மீண்டும் தொடங்கியிருக்கிறார். ஒழுங்கைகளில் முச்சக்கர வண்டிகள் பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு பாண் விற்கும் காலம் இது. எங்கள் மைனருக்கு மெட்டு இல்லை. பழைய ஊதுகுழல் மாத்திரமே. ஆயினும் அளவெட்டியில் சில கிழவிகள் அந்த ஒலிக்கு வெளியே வருகிறார்கள். என்ஜினின் ஓசை மாறிவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர்களும் அவர்களே. இரண்டாவது கியரில் முன்பு எழும் அந்த முனகல் இப்போது இல்லை. எனக்கு அது குறையாகத்தான் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. பழைய என்ஜினைச் சுத்தஞ் செய்து, எண்ணெய் பூசி, போறணைச் சுவரோரம் மரக்குற்றியில் இருத்தி வைத்திருக்கிறேன்.

முதல்நாட் பாண் ஏற்றிய அதிகாலையில் அண்ணையை அழைத்து வந்தோம். அவர் கையில் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. பழைய இரும்புக் கைப்பிடி. 1996இல் இருந்து அவர் வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. வண்டியின் முன்னால் குந்தி, விரலால் துவாரத்தைத் தேடிப் பிடித்துச் செருகினார். பெருவிரலை மடக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். கைப்பிடி ஒன்றிலும் கொளுவாமல் சும்மா சுழன்றது. இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே இழுத்து, சாக்கில் சுற்றி, சாரதி ஆசனத்தின் கீழே வைக்கும்படி என்னிடம் தந்தார்.

"கிடக்கட்டும்," என்றார். பிறகு, றோஸ் பாண் சூடாக இருக்கிறதா என்று விசாரித்தார்.